வரி விகிதமா, வரி கட்டும் தேதியா? சிறுதொழிலை முடக்குவது எது?

அச்சகத்தார்:

சிறுதொழில் செய்பவர்கள் நாலு பேர் ஒன்று சேர்ந்தால் பேச்சு எப்படியும் வரியில் வந்து நிற்கும். "இத்தனை சதவீதம் போனால் என்ன மிஞ்சும்" என்பதுதான் எப்போதும் பல்லவி. எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். லாபத்தில் நாலில் ஒரு பங்கு வரி என்றால், மீதி முக்கால் பங்கு என்னுடையதுதானே, தொழில் அதனால் நின்றுவிடாது. ஆனால் பணம் கைக்கு வருவதற்கு முன்பே கட்டு என்பது, கணக்கு எழுதவே ஒரு ஆளைப் போடு என்பது, இந்த அளவுக்கு மேல் விற்றால் வேறு சட்டம் என்பது, இவைதான் தொழிலை நடக்கவிடாமல் செய்கின்றன என்பது என் அபிப்பிராயம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? எந்தக் கட்சி வரியை ஏற்றியது, எது குறைத்தது என்ற சண்டை மட்டும் இங்கே வேண்டாம், அதற்கு வேறு இடங்கள் தாராளமாக இருக்கின்றன.

கணக்கர்:

தேதி பற்றிச் சொன்னீர்களே, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். ஒரு சின்ன உற்பத்தியாளர், சரக்குக்கு 100 என்று விலை வைக்கிறார், விற்பனை வரி 20 சதவீதம், ஆக பில் 120. மூலப்பொருள் 50, அதற்கு அவர் கொடுத்த வரி 10. கூலியும் மற்ற செலவும் 40. லாபம் 10. வசூலிக்க வேண்டிய 20-இல் ஏற்கெனவே கொடுத்த 10 கழிந்தால் அரசுக்குக் கட்ட வேண்டியது 10. காகிதத்தில் பார்த்தால் வரி அவர் லாபத்தைத் தொடவே இல்லை.

இப்போது நாட்காட்டியை எடுத்து வைத்துப் பாருங்கள். பில் போட்ட தேதியை வைத்து வரி கணக்கிடும் முறையில் அந்த 10-ஐ அடுத்த ரிட்டர்னோடு, அதாவது அரசுக்குக் கொடுக்கும் வரிக் கணக்கோடு, கட்டியாக வேண்டும். வாங்கியவரோ மூன்று மாதம் கழித்துத்தான் 120-ஐக் கொடுப்பார். அதற்குள் இவர் கையிலிருந்து 60 சரக்குக்கும், 40 கூலிக்கும், 10 வரிக்கும் என்று 110 வெளியே போய்விட்டது, உள்ளே ஒன்றும் வரவில்லை. அந்த வரித் தொகை அவருடைய முழு லாபத்துக்குச் சமம் என்பதைக் கவனியுங்கள். அதைக் கடன் வாங்கிக் கட்டினால் வட்டி லாபத்திலிருந்துதான் போகும். வரி லாபத்தைத் தொடவில்லை என்று சொன்னது அப்போது பொய்யாகிவிடுகிறது.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. பணம் வந்த பிறகு வரி கட்டினால் போதும் என்ற ரொக்க அடிப்படை முறையைச் சிறுதொழில்களுக்குச் சில நாடுகள் கொடுக்கின்றன. பிரிட்டனில் ஆண்டு விற்றுமுதல், அதாவது மொத்த விற்பனை, 13.5 லட்சம் பவுண்டுக்கு உட்பட்டிருந்தால் அந்த முறையில் சேரலாம். ஆனால் அந்த முறையில் சரக்கு வாங்கிய வரியையும் நீங்கள் பணம் கொடுத்த பிறகுதான் கழிக்க முடியும். கடனுக்கு வாங்கி ரொக்கத்துக்கு விற்பவருக்கு இது நஷ்டம்.

எதிர்க்கேள்வி:

சார், ஒரு சந்தேகம். அந்த 20 வியாபாரியின் பணமே இல்லை. வாங்குபவர் அரசுக்குக் கொடுக்கும் பணம், வியாபாரி வெறும் வசூல் ஆள். நீங்கள் சொல்வது கடனுக்கு விற்பதன் பிரச்சினை, அதை வரி தலையில் ஏன் கட்டுகிறீர்கள்? ரொக்கத்துக்கு விற்கும் சில்லறை வியாபாரியைப் பாருங்கள், வரியைத் தினமும் வசூலித்துவிட்டு ரிட்டர்ன் தேதி வரை அரசாங்கப் பணத்தை வட்டியில்லாமல் வைத்துச் சுழற்றுகிறார். அவர் வந்து "வரியால் எனக்கு நன்மை" என்று எங்காவது எழுதி நான் பார்த்ததில்லை.

லேத்_பட்டறை:

கடனுக்கு விற்காதே என்று சொல்வது சுலபம் நண்பரே. எங்களிடம் உதிரிபாகம் வாங்குவது பெரிய கம்பெனிகள். 30 நாள் என்று ஆர்டரில் எழுதியிருக்கும், வருவது அவர்களுக்குத் தோன்றும்போது. கேட்டால் அடுத்த ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போகும். ஆக வரி, கடன் என்று தனித்தனியாகப் பிரிக்கவே முடியாது. பேரம் பேசும் பலம் யாரிடம் இல்லையோ அவரிடம் எல்லாருடைய காத்திருப்பும் வந்து இறங்குகிறது, அரசின் காத்திருப்பு உட்பட. பெரிய கம்பெனியோ நான் போட்ட பில்லைக் காட்டி வரியைக் கழித்துக்கொள்ளும், எனக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே.

கணக்கர்:

எதிர்க்கேள்வி சொன்னதும் சரி, பட்டறைக்காரர் சொன்னதும் சரி. ஒரே வரிச் சட்டம், ஒருவருக்குக் கடன் கொடுக்கிறது, இன்னொருவரிடம் கடன் வாங்குகிறது.

இதையே திருப்பிப் போட்டு வரியை ஆயுதமாகப் பயன்படுத்திய முயற்சியும் உண்டு. இந்தியாவில் 2024 ஏப்ரலில் தொடங்கிய மதிப்பீட்டு ஆண்டிலிருந்து (முந்தைய ஆண்டு வருமானத்துக்கு வரி கணக்கிடும் ஆண்டு) நடைமுறைக்கு வந்த விதி: குறு, சிறு நிறுவனங்களுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைக் கெடுவுக்குள் கொடுக்காவிட்டால், வாங்கியவர் அந்த ஆண்டில் அதைச் செலவாகக் காட்ட முடியாது. எழுத்து ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள், இருந்தால் அதிகபட்சம் 45 நாள். பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்டலாம். அதாவது சிறியவரைக் காக்க வைத்தால் பெரியவருக்கு வரி கூடும்.

மொத்த_வியாபாரி:

அந்த விதி உற்பத்தி, சேவை செய்பவர்களுக்கு மட்டும். வாங்கி விற்கும் எங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதையும் எழுதிவிடுங்கள் சார்.

கணக்கர்:

உண்மைதான், விட்டுப்போயிற்று.

பொருளியல்_மாணவி:

பில், கெடு எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்குப் பெரிதாகத் தெரிவது வரி கட்டுவதற்கான செலவு. வரியைச் சொல்லவில்லை, அதைக் கட்டுவதற்கு ஆகும் செலவைச் சொல்கிறேன். பதிவேடு, மென்பொருள், ஆடிட்டர் கட்டணம், ரிட்டர்ன், நோட்டீஸ் வந்தால் பதில். இந்தச் செலவில் பெரும்பகுதி தொழிலின் அளவைப் பார்ப்பதில்லை. ஆயிரம் பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கும் ரிட்டர்ன் ஒன்றுதான், இரண்டு பேர் வேலை செய்யும் இடத்துக்கும் ஒன்றுதான். விற்பனையோடு ஒப்பிட்டால் சிறியவருக்கு இந்தச் சுமை பல மடங்கு. பிரிட்டனில் செட்ரிக் சாண்ட்ஃபோர்ட் என்ற பொருளியல் பேராசிரியர் 1970-களிலிருந்தே இதை ஆராய்ந்து காட்டியிருக்கிறார், அதற்குப் பிறகு பல நாடுகளில் செய்த ஆய்வுகளும் இதே திசையில்தான் போகின்றன.

இதில் கணக்கில் வராத செலவு முதலாளியின் நேரம். பெரிய நிறுவனத்தில் வரிப் பிரிவு வரியைப் பார்க்கும், விற்பனைப் பிரிவு விற்பனையைப் பார்க்கும். சின்ன இடத்தில் இரண்டும் ஒரே மண்டை. ரிட்டர்ன் வாரத்தில் அவர் புது வாடிக்கையாளரைத் தேடப் போகவில்லை என்பது எந்தப் பதிவேட்டிலும் செலவாக ஏறாது.

பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-இலேயே நல்ல வரிக்கு நான்கு இலக்கணம் சொன்னார். நியாயமான பங்கு, நிச்சயத்தன்மை, கட்ட வசதியான நேரம், வசூல் செலவில் சிக்கனம். அச்சகத்தார் ஐயா சொன்ன தேதிப் பிரச்சினை மூன்றாவது இலக்கணத்துக்குள் வந்துவிடுகிறது. நிச்சயத்தன்மை பற்றி ஸ்மித் சொன்னது இன்னும் கடுமை: வரி ஆளுக்கு ஆள் ஏற்றத்தாழ்வாக இருப்பதைவிட, எவ்வளவு என்று தெரியாமல் இருப்பது பெரிய கேடு, அது கொஞ்சமாக இருந்தாலும்கூட. எந்த வரி விகிதத்தில் வரும் என்ற வகைப்படுத்தல் வருஷத்துக்கு ஒரு தரம் மாறும் பொருளை விற்பவர்களைக் கேட்டால் ஒத்துக்கொள்வார்கள்.

எதிர்க்கேள்வி:

ஸ்மித் தாத்தா வந்துவிட்டார், இனி இந்த விவாதம் நீளும்.

ஆனால் மாணவிக்கு ஒரு கேள்வி. அந்தப் பதிவேடே தொழிலுக்கு நல்லதுதானே? வரிக்காகக் கணக்கு எழுத ஆரம்பித்த பிறகுதான் எந்தச் சரக்கில் லாபம், எதில் நஷ்டம் என்று தெரிந்தது என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டாயப்படுத்தாவிட்டால் பாதிப் பேர் கணக்கே எழுத மாட்டார்கள்.

பொருளியல்_மாணவி:

ஒத்துக்கொள்கிறேன், அந்தப் பலன் உண்மை. முதல் கணக்குப் புத்தகத்துக்கு அது பொருந்தும். அதே தகவலை மூன்று அலுவலகத்துக்கு மூன்று வடிவத்தில் கொடுப்பதற்குப் பொருந்தாது.

ஒற்றையாள்:

நான் தனியாக வேலை செய்பவன், சேவைத் தொழில். எனக்கு வலிப்பது வரம்பு. இத்தனை விற்றால் விற்பனை வரிக்குப் பதிவு செய்தாக வேண்டும் என்ற பதிவு வரம்புக்குக் கீழே இருக்கும்வரை விற்பனை வரி பற்றிக் கவலையில்லை, ஒரு அடி தாண்டினால் எல்லாமே மாறும். எண்ணை வைத்துச் சொல்கிறேன், பிரிட்டன் கணக்கு எல்லாருக்கும் தெரிந்தது என்பதால் அதையே எடுக்கிறேன். அங்கே வரம்பு 2017 முதல் 85,000 பவுண்டாக இருந்தது, 2024 ஏப்ரலில் 90,000 ஆனது. பொது விகிதம் 20 சதவீதம்.

ஒருவர் 89,000-க்கு வேலை செய்கிறார், வாடிக்கையாளர்கள் எல்லாம் சாதாரண மக்கள், விலையை ஏற்றினால் போய்விடுவார்கள். வரம்பைத் தாண்டிப் பதிவு செய்தார் என்றால் அவர் வாங்கும் ஒவ்வொரு 120-லும் 20 வரி, அதாவது ஆறில் ஒரு பங்கு. கழிக்க உள்ளீட்டு வரி (வாங்கியவற்றுக்குக் கொடுத்த வரி) பெரிதாக இல்லை என்று வைத்துக்கொண்டால், வரி போக அதே 89,000 கையில் நிற்க 1,06,800-க்கு வேலை செய்ய வேண்டும். அந்த இடைவெளி முழுவதும் உழைத்தது யாருக்காக? அதனால்தான் பலர் வரம்புக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கிறார்கள். பிரிட்டனின் புள்ளிவிவர வரைபடத்தில் நிறுவனங்கள் அந்தக் கோட்டுக்கு முன்னால் கூட்டமாக நிற்பது கண்ணுக்கே தெரியும். வரம்பு நகர்ந்தால் கூட்டமும் சேர்ந்து நகர்கிறது.

அவர்கள் எல்லாரும் பொய்க் கணக்குக் காட்டுகிறார்கள் என்று அர்த்தமில்லை. ஒரு பகுதி நிஜமாகவே வேலையைக் குறைத்துக்கொள்கிறது. கடைசி இரண்டு மாதம் போன் எடுக்காமல் இருப்பது, "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்பது, ஆள் சேர்க்காமல் இருப்பது. வரியால் தொழில் செயல்திறன் குறைகிறது என்றால் எனக்கு இதுதான் நேரான சாட்சி.

லேத்_பட்டறை:

எங்களுக்கு இது தலைகீழ் தம்பி. நாங்கள் விற்பது கம்பெனிகளுக்கு. பதிவு எண் இல்லாமல் பில் போட்டால் அவர்களுக்கு இன்புட், அதாவது அந்த உள்ளீட்டு வரிக் கழிவு, கிடைக்காது, முதல் கேள்வியே "நம்பர் இருக்கிறதா". வரம்புக்கு ரொம்பக் கீழே இருந்தபோதே நாங்களாகவே போய்ப் பதிவு செய்தோம். வாங்கும் இரும்புக்குக் கொடுத்த வரியும் கழிந்தது. இல்லையென்றால் அது முழுக்க எங்கள் செலவு.

கணக்கர்:

இவர்கள் இருவரும் எழுதியதை ஒன்றாகப் படியுங்கள், ஏனென்றால் "வரி சிறுதொழிலைப் பாதிக்குமா" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது என்பது இங்கேதான் தெரிகிறது. உங்களிடம் வாங்குபவர் வரியைக் கழித்துக்கொள்ளக் கூடியவரா, இல்லையா என்பதை முதலில் பாருங்கள். கழிக்கக் கூடியவர் என்றால் வரி உங்கள் வழியாக ஓடிப் போகிறது, கெடு மட்டும்தான் தொல்லை. கழிக்க முடியாதவர் என்றால் வரியில் ஒரு பகுதியை விலையில் ஏற்ற முடியாமல் நீங்களே விழுங்குவீர்கள்.

வரம்பைத் தவிர்க்கத் தொழிலை இரண்டாகப் பிரித்து ஒன்று கணவர் பெயரில், ஒன்று மனைவி பெயரில் நடத்துவது பழைய வித்தை. வரித்துறைக்கும் அது பழைய வித்தைதான். பிரிட்டனில் செயற்கையாகப் பிரித்தது என்று தெரிந்தால் ஒரே தொழிலாக எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. கனடாவில் சிறு நிறுவனங்களுக்கு முதல் 5 லட்சம் டாலர் தொழில் வருமானத்துக்குக் கூட்டாட்சி வரி 9 சதவீதம்தான், அந்தச் சலுகைக்காகக் கம்பெனிகளைப் பெருக்கினால், தொடர்புள்ள கம்பெனிகள் எல்லாம் அந்த ஒரே வரம்பைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். மாட்டுவதற்கு முன்பே கூட, இரண்டு கணக்கு, இரண்டு வங்கிக் கணக்கு, இரண்டு ரிட்டர்ன் என்று செலவு இரட்டிப்பாகிவிடும்.

மொத்த_வியாபாரி:

விற்றுமுதல் மீது சின்ன சதவீதம் என்று ஒரு எளிய வரி உண்டே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. "கணக்கு வேண்டாம், விற்பனையில் 2 சதவீதம் கட்டிவிட்டுப் போ" என்பார்கள். கேட்க இனிப்பாக இருக்கும். எங்கள் தொழிலில் 100-க்கு விற்றால் 4 நிற்கும். அதில் 2 போனால் லாபத்தில் பாதி. பக்கத்தில் ஒருவருக்கு 100-க்கு 40 நிற்கிறது, அவருக்கும் அதே 2, லாபத்தில் இருபதில் ஒரு பங்கு. பெயர் ஒரே விகிதம், கனம் பத்து மடங்கு வித்தியாசம். நஷ்ட வருஷத்திலும் கட்டியாக வேண்டும், அதுதான் கொடுமை.

மாணவி தங்கச்சி இதற்கு ஏதாவது சரித்திரம் வைத்திருப்பார்.

பொருளியல்_மாணவி:

இருக்கிறது அண்ணா! ஒவ்வொரு கைமாற்றத்திலும் முழு விற்பனைத் தொகை மீது வரி போட்டால், வரிக்கு மேல் வரி ஏறும். நூல், துணி, தையல், மொத்தம், சில்லறை என்று ஐந்து கை மாறினால் ஐந்து முறை. இவை எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் செய்யும் பெரிய நிறுவனத்துக்கு ஒரே முறை. அதாவது வரியே பெரியவரை வளர்த்து, நடுவில் இருக்கும் சிறியவர்களைக் கழற்றிவிடும். ஜெர்மனியில் இந்த வகை வரிதான் 1967 முடியும்வரை இருந்தது, 1968 தொடக்கத்தில் மதிப்புக் கூட்டு வரிக்கு மாறினார்கள். அந்த வரியை 1954-இல் பிரான்சில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் மோரிஸ் லோரே என்ற வரி அதிகாரி. கூட்டிய மதிப்புக்கு மட்டும் வரி, முன்னால் கொடுத்தது கழியும். இன்று 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது.

ஆனால் கழிப்பதற்கு பில் வேண்டும், பில்லுக்குக் கணக்கு வேண்டும், கணக்குக்கு ஆள் வேண்டும். எளிய வரி என்றால் நியாயம் போகிறது, நியாயமான வரி என்றால் எளிமை போகிறது. பிரேசில் 2006-இல் சட்டம் போட்டு ஒரு நடுவழி கண்டது. கூட்டாட்சி, மாநில, நகராட்சி வரிகள் பலவற்றைச் சேர்த்து சிறு நிறுவனங்கள் ஒரே சீட்டில் கட்டலாம், தொழிலின் வகையையும் விற்பனை அளவையும் பொறுத்து விகிதம் மாறும். அண்ணன் சொன்ன லாப வித்தியாசப் பிரச்சினையை அது முழுதாகத் தீர்க்கவில்லை, குறைத்தது.

எதிர்க்கேள்வி:

யாரும் தொடாத ஒன்றை நான் தொடுகிறேன், திட்டாதீர்கள். வரியே கட்டாதவர்கள். பில் இல்லாமல் விற்பவர் உங்களைவிட விலை குறைத்து விற்கிறார், வாடிக்கையாளர் அங்கே போகிறார். நேர்மையாகக் கட்டுபவரின் செயல்திறனைக் கெடுப்பது அந்த வரி இல்லை, பக்கத்தில் அதைக் கட்டாதவர்.

கணக்கர்:

திட்டவில்லை, சேர்த்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும், கட்டாதவரும் தப்பிக்கவில்லை. விற்பனையைக் குறைத்துக் காட்டியவர் வங்கியில் போய் நின்றால், வங்கி அந்தக் குறைந்த கணக்கைத்தான் பார்க்கும். பெரிய வாடிக்கையாளர் பில் கேட்டால் கொடுக்க முடியாது. வெளி ஆளை நம்பி மேலாளராகப் போட முடியாது, ரகசியம் வெளியே போகும். ஆக தொழில் குடும்பத்துக்குள்ளேயே, அந்த அளவிலேயே நிற்கும். ஒற்றையாள் சொன்ன கோட்டுக்குக் கீழே நிற்பவர்களைப் போலத்தான், இவருக்குக் கோட்டை இவரே போட்டுக்கொள்கிறார்.

லேத்_பட்டறை:

லாப வரிக்கு வருவோம். பட்டறையில் லாபம் என்று காட்டுவது பணமாக இருக்காது, பாதி இயந்திரமாக நிற்கும், பாதி வராத பாக்கியாக நிற்கும். வருஷக் கடைசியில் ஆடிட்டர் "நல்ல லாபம்" என்பார், வங்கியில் பார்த்தால் காற்று. இயந்திரம் வாங்கிய முழுப் பணமும் இந்த வருஷம் போய்விட்டது, தேய்மானமாகக் கழிப்பது பல வருஷத்துக்கு. லாபத்தைப் போட்டு வாங்கும் புது இயந்திரத்துக்கே வரி தண்டனை போல ஆகிவிடுகிறது.

பொருளியல்_மாணவி:

இதற்கு எஸ்டோனியா செய்தது எனக்குப் பிடிக்கும். 2000-இலிருந்து அங்கே கம்பெனி லாபத்தைத் தொழிலுக்குள்ளேயே வைத்திருந்தால் அதற்கு லாப வரி இல்லை, பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கும்போதுதான் வரி. லாட்வியாவும் 2018-இல் அந்த வழிக்கு வந்தது. பிரிட்டன் வேறு வழி, இயந்திரம் போன்றவற்றுக்குச் செய்யும் முதலீட்டில் ஆண்டுக்கு 10 லட்சம் பவுண்டு வரை அதே ஆண்டில் முழுதாகக் கழிக்கலாம். ஆனால் புதிதாகத் தொடங்கியவருக்குக் கழிக்க லாபமே இருக்காது. சலுகை இருந்தும் கை எட்டாது, நட்டத்தைப் பின்னாளுக்கு எடுத்துப் போகலாம் என்பதோடு சரி. அதற்குள் தொழில் மூடிவிட்டால் அதுவும் இல்லை.

ஒற்றையாள்:

பிடித்தத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பணம் கொடுக்கும்போதே வாங்குபவர் வரி பிடிக்கிறார். பில் 100, பிடித்தம் 10 என்று வையுங்கள். என் லாபம் 15, அதற்கு 25 சதவீதம் வரி என்றால் 3.75 தான். மீதி 6.25 திரும்பி வரும்வரை என் நடைமுறை மூலதனம், தொழிலை ஓட்டும் பணம், அரசிடம் தூங்குகிறது. செலவு அதிகமுள்ள தொழில் என்றால் இந்தத் தூக்கம் இன்னும் ஆழம்.

அச்சகத்தார்:

நான் நினைத்ததைவிட நிறைய வந்துவிட்டது. எல்லாருக்கும் நன்றி. என் பட்டியலில் இல்லாத ஒன்று, வாங்குபவர் யார் என்ற கேள்வி. என் தொழிலில் பாதி வாடிக்கையாளர்கள் நிறுவனங்கள், பாதி கல்யாணப் பத்திரிகை அடிக்க வரும் சாதாரண மக்கள். கணக்கர் சார், என்னைப் போல இரண்டு பக்கமும் கால் வைத்தவர் வரம்புக்குக் கீழே இருந்தால் தானாகப் போய்ப் பதிவு செய்யலாமா, வேண்டாமா?

கணக்கர்:

இரண்டு எண்களை எழுதிப் பாருங்கள். ஒன்று, பொதுமக்களிடம் வாங்கும் தொகையில் எவ்வளவு வரியாகப் போகும், விலையை ஏற்ற முடியாது என்று வைத்துக்கொண்டு. இன்னொன்று, காகிதம், மை, இயந்திரம் என்று வாங்குவதில் இப்போது கழிக்க முடியாமல் நீங்கள் விழுங்கும் வரி. அதோடு நம்பர் இல்லாததால் கைநழுவும் நிறுவன ஆர்டர்களின் லாபத்தையும் இரண்டாவது பக்கம் சேருங்கள், ஆடிட்டர் செலவையும் உங்கள் நேரத்தையும் முதல் பக்கம் சேருங்கள். இரண்டாவது பெரியதாக இருந்தால் பதிவு செய்யுங்கள்.

செய்தால் மூன்று விஷயம். வசூலிக்கும் வரியை அன்றன்றே தனி வங்கிக் கணக்கில் போடுங்கள், அது கண்ணில் பட்டால் செலவாகிவிடும். உங்கள் நாட்டில் ரொக்க அடிப்படை முறை இருக்கிறதா என்று பதிவு செய்யும் முன்பே கேளுங்கள், பல இடங்களில் நடுவில் மாறுவது தொல்லை. பெரிய இயந்திரம் வாங்கும் எண்ணம் இருந்தால் பதிவுக்குப் பிறகு வாங்குங்கள், அந்த வரி முதல் ரிட்டர்னிலேயே கழியும்.

அச்சகத்தார்:

இயந்திரத்துக்கு அடுத்த மாதம் ஆர்டர் கொடுப்பதாக இருந்தது. நிறுத்தி வைக்கிறேன்.